கொழும்பில் ஒரு வருடக் குடித்தனம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவருக்கு 2023 நடுவில் கொழும்பில் ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. திருச்சியில் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சராக இருந்த நான் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனேன். வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு 2024இல் திரும்பினோம். அதிலிருந்து, கொழும்புக்கு மாற்றலாகும் தம்பதிகள் யாரிடமாவது எங்கள் நம்பரை வாங்கிக் கூப்பிடுகிறார்கள். வீடு, விசா, அரிசி என்று ஆரம்பிப்பார்கள். போனை வைக்கும் நேரத்தில்தான், "அங்கே பொழுது எப்படிக்கா போகும்?" என்று மெதுவாகக் கேட்பார்கள். அந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான் இங்கே நீளமான பதில்.

பக்கத்து நாடு, தமிழ் பேசும் ஊர். இதையும் வெளிநாட்டு வாழ்க்கை என்று சொல்லலாமா?

சொல்லலாம். திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்கவில் இறங்கிவிடலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, சென்னையில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போய் வியாபாரம் பார்த்தவர்கள் நம் தாத்தா காலத்தில் இருந்தார்கள். அதனால் நம் வீட்டில் யாரும் இதைத் தூரம் என்று நினைப்பதில்லை.

சிரமமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பொண்ணு அமெரிக்கா போனால் அம்மா தினமும் கவலைப்படுவாள். கொழும்பு என்றால், "அங்கதான் எல்லாம் தமிழாச்சே, உனக்கென்ன" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சட்டம் வேறு, பணம் வேறு, வேலை செய்யும் உரிமை வேறு, வைத்தியம் பார்க்கும் முறை வேறு. பேச்சு புரிவதால் மற்றதும் புரிந்துவிட்டதாக நாமே நம்பிவிடுகிறோம். முதல் சில மாதம் அந்த நம்பிக்கையில் ஓடிவிடும். பிறகுதான் உறைக்கும்.

விசா எப்படி? கூடப் போகிறவர் அங்கே வேலை பார்க்கலாமா?

வேலை தரும் நிறுவனம்தான் வதிவிட விசாவுக்கு, அதாவது அங்கே தங்கி வாழும் விசாவுக்கு, ஏற்பாடு செய்யும். சுற்றுலா அனுமதியில் போய் இறங்கிவிட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முறையான நுழைவு விசாவோடு போய், பிறகு அதை வதிவிட விசாவாக எடுக்க வேண்டும். விசா எடுக்கும் குடிவரவு அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

கணவரோ மனைவியோ சார்ந்திருப்பவர் என்ற முறையில் போகும் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. டியூஷன் எடுத்துக் காசு வாங்குவதும் வேலைதான். இது ஒரு வரிச் செய்தி மாதிரித் தெரியும். எங்கள் ஒரு வருடத்தின் ஏற்ற இறக்கமெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது. டிக்கெட் போடுவதற்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?

தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக இருப்பது வெள்ளவத்தை. முகவரியில் கொழும்பு 6 என்று எழுதுவார்கள். வடக்கே பம்பலப்பிட்டி கொழும்பு 4, கொள்ளுப்பிட்டி கொழும்பு 3. கொட்டாஞ்சேனை கொழும்பு 13. அங்கேயும் தமிழர்கள் அதிகம், கோயில்களும் புறக்கோட்டைக் கடைத்தெருவும் பக்கம், ஆனால் நெரிசல். அலுவலகம் ராஜகிரிய, நுகேகொட பக்கம் என்றால் அங்கேயே பார்ப்பதும் நல்லதுதான். காலி வீதியில் (காலி என்ற ஊருக்குப் போகும் பெரிய சாலை) காலையில் பஸ்ஸில் நின்றே நேரம் போய்விடும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒழுங்கைகள், அதாவது சந்துகள், வரிசையாக இருக்கும். பலவற்றுக்குப் பெயருக்குப் பதில் எண்தான். ஒழுங்கை முடியும் இடத்தில் மரைன் டிரைவ், அதைத் தாண்டி ரயில் பாதை, அதற்கப்புறம் கடல். கடல் தெரியும் வீடு என்றதும் மயங்கிவிடாதீர்கள். காற்றோடு உப்பும் வரும். ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ரயில் சத்தம் இரண்டு வாரத்தில் பழகிவிடும், துரு பழகாது. ஒழுங்கையின் நடுப்பகுதியில் வீடு பார்த்தால் இரண்டும் சமாளிக்கலாம்.

வாடகை, நாங்கள் இருந்த காலத்தில், இரண்டு அறை வீட்டுக்கு இலங்கை ரூபாயில் லட்சத்தை ஒட்டி ஆரம்பித்தது. அதைவிட முக்கியம் முற்பணம். ஆறு மாத வாடகையை, சிலர் ஒரு வருட வாடகையையே, மொத்தமாக முன்கூட்டிக் கேட்பார்கள். மாதா மாதம் கொடுத்துப் பழகிய நமக்கு அது பெரிய தொகை. நிறுவனம் அந்தப் பணத்தை முன்பணமாகத் தருமா என்று வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். வீட்டுக்காரர்கள் பலர் லண்டனிலோ டொரன்டோவிலோ இருப்பார்கள், சாவி உறவினர் ஒருவர் கையில் இருக்கும். யாரிடம் பணம் கொடுக்கிறோம், குழாய் ஒழுகினால் யார் வருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

தனி வீடு என்று அடம்பிடிக்காமல், வீட்டுக்காரர் கீழே இருக்கும் மாடி வீட்டையோ, வீட்டோடு ஒட்டிய அனெக்ஸையோ பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். எங்களுக்குக் கீழ் வீட்டு அன்ரி (ஆன்ட்டியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கிடைத்ததுதான் அந்த வருடத்தின் பெரிய நல்லது.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளும், ருசியும் பிடித்துப்போகும். முதலில் மாற வேண்டியது பால். காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட் அங்கே கிடையாது. பெரும்பாலான வீடுகளில் பால்மாவைக் கரைத்துத்தான் தேநீர். சூப்பர் மார்க்கெட்டில் பெட்டிப் பால் கிடைக்கும், விலை கூட. ஃபில்டர் காபி இல்லாமல் விடியாதவர்கள் பொடியை ஊரிலிருந்து கொண்டுபோங்கள். என் கணவர் கொஞ்ச நாளில் பால் இல்லாமல் இஞ்சி போட்ட ப்ளேன்டீக்கு மாறிவிட்டார். தயிர் எருமைத் தயிர், மண் சட்டியில் வரும், மேலே கித்துள் பாணி (ஒரு வகைப் பனைப்பாகு) ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

அரிசியில் சம்பா, கீரிச்சம்பா, நாட்டரிசி, சிவப்பரிசி என்று வகை வகையாக இருக்கிறது. பொன்னியைத் தேடி அலைய வேண்டாம். சம்பா புழுங்கலில் இட்லி நன்றாகவே வந்தது, உளுந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். மிக்ஸி, சின்ன கிரைண்டர் கொண்டுபோகலாம், மின்சாரம் அதே 230 வோல்ட். ப்ளக் மட்டும் புது வீடுகளில் சதுர முள், பழைய வீடுகளில் நம் ஊர் வட்ட முள். இரண்டு அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வெங்காயத்துக்கு அந்த ஊர் இந்தியாவைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும் வெள்ளவத்தைச் சந்தையில் விலை எகிறியது. "உங்கட ஆக்கள் ஏன் இப்பிடிச் செய்யினம்?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். டெல்லி எடுக்கும் ஒரு முடிவு இன்னொரு நாட்டின் அடுப்படியில் எப்படிப் போய் இறங்குகிறது என்பதை ஊரில் இருந்தவரை நான் யோசித்ததே இல்லை.

அவசியம் கற்றுக்கொள்ள வேண்டியது இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். கறிக்கு யாழ்ப்பாணத்து வறுத்த தூள் வேண்டும், நம் சாம்பார் பொடி அந்த வேலையைச் செய்யாது. மத்தியானம் சமைக்க முடியாத நாளில் சோற்றுப் பார்சல் ஒன்று வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடலாம். சாயங்காலம் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பாணும் பணிஸும், அதாவது ரொட்டியும் பன்னும், வரும். சைவச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தையில் குறையே இல்லை. வேறு பகுதிகளில் மட்டும் கவனம் வேண்டும். மரக்கறி (காய்கறி) என்று வாங்குவதிலும் சம்பலிலும் மாசிக் கருவாடு இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சிங்களம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

வெள்ளவத்தையில் முடியும். காலி வீதியில் 100, 101 பஸ் ஏறிக் கோட்டைப் பக்கம் போய்விட்டால் ஆங்கிலம் கைகொடுக்கும். தமிழும் அங்கே ஆட்சி மொழிதான், பெயர்ப் பலகைகளில் மூன்று மொழியும் இருக்கும். கவுன்டருக்குப் பின்னால் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயமில்லை.

அதற்காக இல்லை, மரியாதைக்காகக் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள். விலை கேட்க "கீயத", வேண்டாம் என்றால் "எப்பா", சரி என்றால் "ஹரி", நன்றிக்கு "ஸ்தூதி", அதோடு பத்து வரை எண்கள். நான் தப்புத் தப்பாகப் பேசிய நாளிலிருந்து மீன்காரர் எனக்கென்று நல்ல மீனாக எடுத்து வைத்தார். பஸ்ஸில் முன் இருக்கை மதகுருமாருக்கு ஒதுக்கியது. காலியாக இருந்து உட்கார்ந்தாலும் பிக்கு ஏறினால் எழுந்துவிட வேண்டும்.

வேலைக்குப் போகாதவருக்குப் பொழுது எப்படிப் போகும்?

உண்மையைச் சொல்கிறேன், முதல் மாதம் பறக்கும். வீடு ஒழுங்கு செய்வது, பாத்திரம் வாங்குவது, கடல் பார்ப்பது. அதற்கப்புறம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு எல்லா வேலையும் முடிந்திருக்கும், சாயங்காலம் ஆறரை வரை செய்ய ஒன்றும் இருக்காது. பதினொரு வருடம் மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் வகுப்பு என்று இருந்தவள் நான். என்னை யாரும் தேடாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எவ்வளவு நீளம் என்று அங்கேதான் பார்த்தேன். ஊருக்குப் போன் பண்ணினால் எல்லோரும் வேலையில் இருப்பார்கள். அவர் வந்ததும் பேசலாம் என்று காத்திருந்தால், அவர் களைத்து வந்து பத்து நிமிடம் வாய் திறக்காமல் இருக்க ஆசைப்படுவார்.

இதற்குப் பொழுதுபோக்கு மருந்து இல்லை. நம்மை எதிர்பார்க்கும் ஆட்களும், போக வேண்டிய இடமும், அதற்கு ஒரு நேரமும் வேண்டும். எனக்கு அது மூன்று வழியில் கிடைத்தது.

முதலாவது கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கியது, வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, நூலகம் உண்டு. புத்தகம் படிக்கத்தான் போனேன். போகப் போக, தினமும் வந்து வீரகேசரியும் தினக்குரலும் விரித்து வைத்து வாசிக்கும் பெரியவர்கள் முகம் பழகியது. ஒரு வாரம் போகாவிட்டால் "எங்க பிள்ளை காணேல்லை?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே போகலாம். நூலகத்தில் இல்லாத புத்தகத்துக்குப் பூபாலசிங்கம் புத்தகசாலை காலி வீதியிலேயே இருக்கிறது.

இரண்டாவது சிங்கள வகுப்பு. வாரத்தில் இரண்டு நாள், என்னை மாதிரியே கணவரோடு வந்த வடநாட்டுப் பெண்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். வீட்டுப்பாடம் எழுதுவதே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது கீழ் வீடு. ஒரு நாள் அன்ரி படியில் நின்று, "பிள்ளை, தனிய மேல இருந்து என்ன செய்யிறாய்? கீழ வாவன், தேத்தண்ணி குடிப்பம்" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து பிற்பகல் நான்கு மணி அவர் வீட்டில். அவர் பேரனுக்குப் பின்னக் கணக்கு வராது. காசு கீசு ஒன்றும் இல்லாமல், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவன் சரியாகப் போட்ட முதல் கணக்குக்கு நான் பட்ட சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இதையெல்லாம் மனசு சோர்ந்த பிறகு தேட முடியாது. படியிறங்கிப் போவதற்கே தெம்பு இருக்காது. போன முதல் வாரத்திலேயே ஒரு இடத்தையாவது பிடித்துவிடுங்கள்.

கணவன் மனைவிக்குள் சண்டை அதிகமாகுமா?

அதிகமாகும். மறைக்க என்ன இருக்கிறது? ஊரில் கோபம் வந்தால் அம்மா வீடு இருந்தது, தோழி இருந்தாள், பள்ளிக்கூடம் இருந்தது. அவருக்கும் நண்பர்கள் இருந்தார்கள். அங்கே இரண்டு பேருக்கும் எல்லாமே அந்த ஒருவர்தான். ஒருவரே புருஷனும் தோழியும் அம்மாவும் ஆக முடியாது. எங்கள் சண்டைகள் பெரும்பாலும் பருப்பில் உப்பு, துவைத்த சட்டை என்று ஆரம்பிக்கும். உள்ளே இருந்தது வேறு. "உனக்காகத்தான் வேலையை விட்டேன்" என்பது என் பக்கம். "உன்னையும் பார்க்க வேண்டும், ஆபீஸையும் பார்க்க வேண்டும், எனக்கு யார் இருக்கிறார்கள்" என்பது அவர் பக்கம். இரண்டும் நியாயம்தான்.

அதிகம் அறுத்தது பணம். சம்பளம் குறைவாக இல்லை. ஆனால் சம்பாதித்துப் பழகிய கைக்கு, பேனா வாங்கவும் சொல்லிவிட்டு வாங்குவது தாங்காது. இதைத் தீர்த்தது அவர்தான். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்து என் கையில் கொடுப்பார், அதற்குக் கணக்குக் கிடையாது. வீட்டுச் செலவு வேறு, இது வேறு. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, "கேட்டு வாங்குவது" என்பது இருக்கக் கூடாது. உங்களில் சம்பாதிக்கப் போகிறவர் யாரோ, தயவுசெய்து இதை முதல் மாதமே செய்யுங்கள்.

இன்னொன்று மாலை நடை. சாப்பாட்டுக்கு முன் மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரை போய்த் திரும்புவோம், போன் வீட்டில். முதலில் பேச ஒன்றும் இருக்காது. திரும்பும்போது தானாகப் பேச்சு வரும். பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டு சொல்வது, முகம் பார்த்துச் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது. அவர் அலுவலகத்தில் புது இடத்தில் எவ்வளவு பயந்துகொண்டிருந்தார் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி ஏழு வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

"இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று ஊரிலிருந்து வரும் கேள்வி கடல் தாண்டினாலும் நிற்காது. அதற்குப் பதில் சொல்வது யார் வீட்டுக்கு யார் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்கு அவர், என் வீட்டுக்கு நான். இது பெரிய நிம்மதி.

செலவு எப்படி? மிச்சம் பிடிக்க முடியுமா?

சம்பளம் எந்த நாணயத்தில் என்பதைப் பொறுத்தது. 2022இல் அந்த நாடு பட்ட பாடு நமக்குத் தெரியும்: பெட்ரோலுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு, டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. நாங்கள் போனபோது வரிசைகள் இல்லை, விலைகள் மட்டும் இறங்கவில்லை. டாலர் 320ஐ ஒட்டி இருந்தது, திரும்பும்போது 300 பக்கம் வந்துவிட்டது. டாலரில் சம்பளம் வாங்கியவர்களுக்கு அது நஷ்டம், இலங்கை ரூபாயில் வாங்கி ஊருக்கு அனுப்பியவர்களுக்கு லாபம். 2024 ஜனவரி 1 முதல் வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அந்த மாத பில்லிலேயே தெரிந்தது. நம் ஒரு ரூபாய்க்கு அப்போது அங்கே மூன்றரை ரூபாய்க்கு மேல் கிடைத்தது, அப்படிக் கணக்குப் போட்டு மகிழ வேண்டாம். பல சாமான்கள் அந்தக் கணக்கையும் தாண்டி விலை.

மிச்சம் பிடிக்க நல்ல வழி, ஆட்டோவைக் குறைத்து ரயிலில் போவது. கோட்டைக்குக் கடலோரமாக வரும் ரயிலுக்குச் செலவு மிகக் குறைவு. ஆட்டோ தேவைப்பட்டால் பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள், பேரம் பேச வேண்டாம்.

மழை?

நம் ஊரில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் மாலை நேர இடிமழை. துணி காய வைக்க நிழலான, காற்று வரும் இடம் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே பாருங்கள்.

உடம்புக்கு வந்தால்?

டெங்குவைத் தெரிந்துகொண்டு போங்கள். மழையை ஒட்டி வருடத்தில் இரண்டு முறை ஏறும். சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக வந்து பூந்தொட்டித் தட்டு வரை பார்ப்பார்கள், புழு இருந்தால் வழக்குத்தான். என் கணவருக்கே டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். அன்ரிதான், "இரத்தம் சோதிச்சுப் பார்க்காமல் ஒரு நாளும் விடாதை" என்று அனுப்பினார். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், பலர் அப்போதுதான் குணமாகிவிட்டது என்று வேலைக்குப் போகிறார்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது. இபுபுரூஃபன், ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார் என்று மணிக்கு மணி எழுதி வைக்கச் சொன்னார்கள். அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். அன்ரி வீட்டிலிருந்து கஞ்சி வந்துகொண்டே இருந்தது.

ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்ப்பதைச் சானல் பண்ணுவது என்பார்கள். முன்பதிவு செய்துகொண்டு தனியார் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலர் பகலில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு மாலையில்தான் வருவார்கள், அதனால் காத்திருக்கத் தயாராகப் போங்கள். மருத்துவக் காப்பீடு துணைக்கும் சேர்த்துத்தானா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

பண்டிகைகள் எப்படி இருக்கும்?

ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரசு விடுமுறை. அன்று மது, இறைச்சி விற்க மாட்டார்கள். மே மாதம் புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு நகரம் முழுக்கக் காகிதக் கூடுகளில் விளக்கு. தெருவில் தன்சல் வைத்து, போகிறவர் யாரானாலும் நிறுத்திச் சோறோ ஐஸ்கிரீமோ கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள், கூச்சமே வேண்டாம். ஏப்ரல் புத்தாண்டுக்கு நகரமே சொந்த ஊர் போய்விடும். கடைகள் சில நாள் திறக்காது, காய்கறி வாங்கி வைத்துவிடுங்கள். பொங்கல், தீபாவளி, சிவராத்திரி மூன்றுக்கும் நாடு முழுக்க விடுமுறை. ஆடி வேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வரும். எனக்கு ஊர் நினைவு அதிகம் வந்த நாள் அதுதான்.

அங்குள்ளவர்களிடம் போரைப் பற்றிப் பேசலாமா?

நீங்களாகக் கேட்காதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். நம் ஊரில் மேடையிலும் டிவியிலும் கேட்டதை வைத்துக்கொண்டு, அறிமுகமான பத்தாவது நிமிடம், "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்பவர்களை நான் பார்த்தேன். நமக்கு அது செய்தி. அவர்களுக்கு அது தம்பியும் வீடும் போன நாள். 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையும் எரிந்தது. இன்று நாம் புடவை வாங்கும் அதே காலி வீதிதான்.

அன்ரி பல மாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே, "எண்பத்திமூண்டில எங்களைக் கப்பலில ஏத்தித்தான் காங்கேசன்துறைக்கு அனுப்பினவை" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகக் கொஞ்சம் சொன்னார், பிறகு பேரனைக் குளிக்கக் கூப்பிட்டார். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். தீர்ப்பு, யோசனை, முழக்கம் எதுவும் வேண்டாம்.

நம் ஊரைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

ஆளைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்தவருக்குத் திருச்சி என்றால் படிக்கப் போன பிள்ளை, ஸ்ரீரங்கம் யாத்திரை. மலையகத்தவருக்கு அது வேறு. நாங்கள் பார்சல் வாங்கும் கடையில் மலையகத்து ஹட்டனிலிருந்து வந்த ஒரு தம்பி வேலை பார்த்தார். திருச்சி என்றதும், "எங்க தாத்தாவோட அப்பா துறையூர்ப் பக்கம்தாங்க" என்றார். பேச்சு அப்படியே நம் பேச்சு. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். 1823இல் அந்த வருகை தொடங்கியதாகக் கணக்கிட்டு, 200ஆம் ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்துபோனார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசும் எழுதிக்கொண்டன. அவர்களை யாரும் கேட்கவில்லை. துறையூரில் நான் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், பள்ளிப் பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரி சொல்லிக்கொடுத்ததில்லை. போகும் முன் இதையாவது படித்துவிட்டுப் போங்கள்.

அப்பா அம்மா வந்தால் எங்கே கூட்டிப்போவது?

கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். சர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது. வெயில் நேரத்திலும் உள்ளே குளிர்ச்சி. என் மாமனார் ஒரு தூணருகே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதே பக்கம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை எல்லா மதத்தவரும் வருவார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டு வெடித்த இடம், இறந்தவர்களின் பெயர்களை அங்கே வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் காலிமுகத்திடலில் இறால் வடை. 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ இலங்கையில் வந்துவிட்டது. பெரிய கடைகளில் அப்பா தன் போனிலேயே பணம் கட்டினார், அவருக்கு அவ்வளவு பெருமை.

ஊரில் நல்லது கெட்டது என்றால் உடனே வர முடியுமா?

கிட்டத்தட்ட. என் பாட்டி போனது இரவு. அன்றைய விமானம் போய்விட்டது. மறுநாள் நான் திருச்சியில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் ஒரு மணி நேரத்தில் கிளம்ப முடியாது. வயதானவர்கள் இருக்கும் வீடென்றால், சும்மா இருக்கும்போதே நடுவில் ஒரு முறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். விசா புதுப்பிக்க பாஸ்போர்ட் கொடுக்கும் தேதியை வீட்டு விசேஷங்களை ஒட்டி வைக்காதீர்கள்.

திரும்பி வந்த பிறகு உங்களுக்கு வேலை கிடைத்ததா?

உடனே கிடைக்கவில்லை. பள்ளிகள் ஏப்ரல், மே மாதத்தில் ஆள் எடுத்து ஜூனில் வகுப்பு ஆரம்பித்துவிடும். நாங்கள் வந்தது ஜூலை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு, ஒருவர் பிரசவ விடுப்பில் போன இடத்தில்தான் சேர்ந்தேன். என் கணவருடைய ஒப்பந்தம் இரண்டு மாதம் முன்பே முடிகிற மாதிரி இருந்திருந்தால் எனக்கு ஒரு அரைவருடம் மிச்சமாகியிருக்கும். ஆரம்பத் தேதி, முடியும் தேதி இரண்டையும் பேசும்போது, கூடப் போகிறவரின் துறையில் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று பார்த்துப் பேசுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் சில வாரம் முன்பின் ஒத்துக்கொள்ளும், கேட்டால்தான்.